இறந்தவரின் கைநாட்டும் தங்கள் மர்மத் தொடரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்து சென்ற வாரம் நிறைவடைந்த மர்மத் தொடரைப் பற்றிச் சிலவற்றை எழுத விரும்புகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த தாத்தா இறந்தபின், காரியத்துக்காகச் சென்னையிலிருந்து வரும் பேத்தி, அந்தத் தோட்டம் தன் குடும்பத்துக்கு வந்த விதத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று ஐயுற்று, 1943ஆம் ஆண்டில் நடந்த ஒரு கொலை வரை பின்னோக்கிச் செல்லும் கதை அது. ஒரு வாரமும் விடாமல் படித்தேன். நாளிதழ் போடும் பையன் தாமதித்த ஞாயிறுகளில் வாசலில் நின்று காத்திருந்ததும் உண்டு. ஏற்காட்டின் லேடிஸ் சீட் என்ற காட்சி முனையிலிருந்து இரவில் சேலத்து விளக்குகளைப் பார்த்தபடி பேத்தியும் தோட்டத்து மேஸ்திரியின் மனைவியும் பேசிக்கொள்ளும் அத்தியாயத்தில், இருவரும் ஒரே செய்தியை ஆளுக்கொரு விதமாக மறைக்கிறார்கள் என்பது வாசகருக்கு மட்டும் புலப்படும்படி எழுதியிருந்தது நல்ல கைத்திறன். இதை முதலில் சொல்லிவிட்டே குறைகளுக்கு வருகிறேன்.

என் வருத்தம் கடைசி இரண்டு வாரங்களைப் பற்றியது. பூட்டிக் கிடந்த அறை திறக்கப்படுகிறது; தேக்குப் பெட்டிக்குள் தாத்தாவின் நாட்குறிப்பு இருக்கிறது; தாம் செய்த கொலையையும் அபகரித்த நிலத்தையும் அவர் அதில் தேதிவாரியாக ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார். கிணற்றைத் தூர்வாரினால் எலும்புக்கூடும் கிடைத்துவிடுகிறது. முப்பத்தெட்டு ஆண்டுகள் சேலத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிறர் சொத்தை வாயில் போட்டுக்கொண்டவர் நாட்குறிப்பு எழுதமாட்டார், கிரயப் பத்திரம் எழுதுவார். முத்திரைத்தாள் வாங்கி, சாட்சி வைத்து, கட்டணம் கட்டி, அரசாங்கத்தின் புத்தகத்தில் பக்க எண்ணோடு ஏற்றி வைப்பார். அந்தப் புத்தகத்தை எவரும் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. கேட்டுப் போகிறவர்தான் இல்லை.

சிறு பிழைகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஏற்காட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது; தொடரில் வரும் நாற்பது வால்பாறைக்கு உரியது. 1938ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் செவ்வாய்ப்பேட்டையில் உரிமம் பெற்ற சாராயக்கடை ஒன்று நடக்கிறது. ஆனால் 1937 அக்டோபர் முதல் நாளிலேயே, மாகாணத்தில் வேறெங்கும் வருவதற்கு முன்பாக, இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்துவிட்டது. 1943இல் இரண்டாம் திருமணம் செய்த தாத்தா அதற்காகச் சிறைக்கு அஞ்சியதாக எழுதியிருப்பதும் சரியன்று. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. அவர் அஞ்சியிருந்தால் மாமனாருக்கு அஞ்சியிருக்கலாம். இன்றைய நாளில் நடக்கும் காட்சியில் பேத்திக்குக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டும் 'கர்ணம்', அதாவது பழைய கிராமக் கணக்கர், எங்கிருந்து வந்தார் என்பதும் விளங்கவில்லை. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரோடு ஒழிந்தன.

இவையெல்லாம் ஓர் அச்சுப்படியில் திருத்திவிடக்கூடியவை. பெரிய பிழை ஒன்று உண்டு. அதைத் திருத்தினால் கதையே மாறும். நிலத்தை இழந்த குடும்பத்தைச் சேர்ந்தவராக ஒரே ஒரு பாத்திரம் வருகிறது. அவரை 'மலையாளி' என்று ஆசிரியர் சரியாகவே குறிப்பிட்டுவிட்டு, அவர் வாயில் மலையாள மொழியைப் போட்டிருக்கிறார்! சேர்வராயன் மலையிலும் கல்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் வாழும் மலையாளிகள் தமிழர்கள். தமிழைத் தவிர வேறு மொழி அவர்கள் வீட்டில் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் என்பது அவர்கள் தம் பூர்வீகத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. பெயரில் இருப்பது மலை. கேரளத்துக்கு அதில் இடமில்லை. தாத்தாவின் மூன்று தலைமுறை முன்னோர்களுக்கு ஊர், பட்டப்பெயர், நோய், மீசையின் வடிவம் வரை எழுதிய ஆசிரியர், எதிர்த்தரப்பு என்ன மொழி பேசும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் கடைசியில் அவருக்கு நாட்குறிப்பு தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். நிலத்தை இழந்தவர் பேசியிருந்தால் நாட்குறிப்புக்கு வேலை இருந்திராது.

இனி, பூட்டிய அறை இல்லாமல் இந்த மர்மத்தை அவிழ்க்க முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், அதில் எழுதியிருப்பதைவிட எழுதாமல் விட்டிருப்பது அதிகம் பேசும். கிரயத் தொகையை 'முன்பே ரொக்கமாகப் பற்றிக்கொண்டபடியால்' என்று ஒரு வரி இருக்கும். பணம் சார்பதிவாளர் முன்னிலையில் கைமாறியிருந்தால் அதை அவர் தம் குறிப்பில் எழுதியாக வேண்டும்; அந்தக் குறிப்பு இல்லையென்றால் பணம் எங்கே, எப்போது, யார் கண்முன் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். முத்திரைத்தாளின் பின்புறத்தில் அது யாருக்கு, எந்தத் தேதியில் விற்கப்பட்டது என்று விற்பனையாளர் எழுதியிருப்பார். தொடரில் வரும் போலி உயிலைப் பேத்தி, 'காகிதத்தில் பழைய வாசனை இல்லை' என்பதால் கண்டுபிடிக்கிறாள். ஐம்பது ஆண்டு பீரோவில் இருந்த காகிதம் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனைதான், அந்துருண்டை வாசனை. அந்த உயில் 1935 தேதியிட்டது என்று ஆசிரியரே சொல்கிறார். அது எழுதப்பட்ட முத்திரைத்தாளில் ஆறாம் ஜார்ஜின் தலை இருந்ததாக ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அவர் அரியணை ஏறியது 1936 டிசம்பரில். வரலாறு படித்த பேத்திக்கு அந்த இடத்தில் கை நடுங்கியிருக்கும்; படிக்கிற நமக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த தடயம் செக்குபந்தி. நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் அந்தப் பகுதியைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. நிலம் கைமாறி இருபது, முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் பக்கத்து நிலத்துக்காரர் பத்திரம் எழுதும்போது, 'இன்னாருடைய காட்டுக்குக் கிழக்கு' என்று பழைய உடைமையாளரின் பெயரையே எழுதுவார்கள், ஏனெனில் ஊர் அந்த நிலத்தை அப்படித்தான் அழைக்கும். அபகரித்தவர் தம் பத்திரத்திலிருந்து ஒரு பெயரை அழித்துவிடலாம். அக்கம் பக்கத்தார் பத்திரங்களில் அந்தப் பெயர் எல்லைக்கல் மாதிரி நின்றுகொண்டிருக்கும். கிராமக் கணக்கில் அடங்கல் என்று ஒன்று உண்டு. நிலத்தில் உண்மையில் எவர் பயிரிட்டார் என்பதைப் பசலி ஆண்டுவாரியாக, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டுவாரியாகச் சொல்வது. பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். தோட்டத்து வீட்டின் சுவரில் கரியால் எழுதிய 1353 என்ற எண்ணைப் பேத்தி இரும்புப் பெட்டியின் பூட்டு எண் என்று நினைத்து மூன்று வாரம் அலைந்து, அது 1943 ஜூலையில் தொடங்கிய பசலி என்று பிறகு தெரிந்துகொள்வதாக ஆசிரியர் எழுதியிருக்கலாம். இந்த யோசனையை அவருக்கு இலவசமாகவே தருகிறேன்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டாம் புத்தகம் என்று ஒன்று இருப்பதும் கதை எழுதுவோர் கண்ணில் படவில்லை. பதிய மறுத்த பத்திரங்களையும் மறுத்ததற்கான காரணங்களையும் அதில்தான் எழுத வேண்டும். மூன்றாம் புத்தகத்தில் உயில்களும், கணவன் தன் மனைவிக்குத் தத்து எடுக்க அளிக்கும் அதிகாரப் பத்திரங்களும் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மூன்றாம் புத்தகத்தின் நகல் பிறருக்குக் கிடையாது. இறந்துவிட்டால் எவர் கேட்டாலும் உண்டு. ஒரு மனிதர் இறப்பதற்காகவே ஓர் உண்மை சட்டப்படி காத்திருக்கிறது என்றால், அதைவிட நல்ல தொடக்கம் மர்மக் கதைக்கு எங்கே கிடைக்கும்? கிரயப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தில் இன்னும் பின்னே போனால் தாது வருடப் பஞ்சம் வரும். 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1881இல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. இங்குள்ள பல குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பால் பெயர் சொல்ல ஆளில்லாமல் போனதற்கு அந்தப் பத்தாண்டும் ஒரு காரணம். அந்தப் பஞ்சத்தில் நிலத்தைத் தானியத்துக்கு விட்டவர்களும் உண்டு, வாங்கியவர்களும் உண்டு. நம் பூர்வீகம் இவ்விரண்டில் எந்தப் பக்கம் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவு அழுத்தமாக நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கும் என் தம்பிக்கும் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டியிருந்ததால், அதன் தாய்ப் பத்திரத்துக்கு நகல் மனு போட்டேன். எங்கள் தாத்தாவும் பத்திர எழுத்தர்தான். தொழில் அவரிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து எனக்கும் வந்தது. வீடு 1943 நவம்பரில் பாட்டியின் பெயருக்குக் கிரயமாகியிருந்தது. விற்றவர் மண்டி வியாபாரி ஒருவர். விலையோ, அந்த நாளில் அந்தத் தெருவில் கிணறுகூட வெட்ட முடியாத விலை. மற்றவராக இருந்தால் தாத்தாவின் சாமர்த்தியம் என்று மகிழ்ந்திருப்பார். எனக்குத் தொழில் புத்தி விடவில்லை. மண்டி வியாபாரி எதற்காக இவ்வளவு மலிவாக விற்றார் என்ற கேள்வியோடு பெயர் அட்டவணைகளில் அவர் பெயரைத் தேடிக்கொண்டே போனேன். வீட்டுக் கிரயத்துக்கு ஒன்பது நாள் முன்பு அவர் மலையில் மூன்று ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் வாங்கியிருந்தார்.

அந்தப் பத்திரத்தின் நகலைப் படித்த பகலை நான் மறக்கவில்லை. எழுதிக்கொடுத்தவர் மலையாளி ஒருவர், கைநாட்டு. கிரயத் தொகையை முன்பே பற்றிக்கொண்டதாக அதே வரி. 'எழுதியவர்' என்ற இடத்தில் என் தாத்தாவின் பெயர். அதற்குமேல், 'இன்னாரென்று நிரூபித்தவர்கள்' என்ற இடத்திலும் முதல் பெயராக என் தாத்தாவின் பெயர். வந்திருப்பவர் பத்திரத்தில் சொல்லப்பட்ட ஆள்தான் என்று சார்பதிவாளரிடம் உறுதி சொல்கிறவர்கள் அந்த இடத்தில் கையெழுத்திடுவார்கள். நகலில் ரேகை இராது, ரேகை இருந்தது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ரேகைக்குத் தனிப் பதிவேடு உண்டு. நான் அந்தப் பதிவேட்டைத் தேடவில்லை. அதற்குத் தேவை ஏற்படவில்லை.

நிலத்துக்குப் பக்கத்து ஊரில் விசாரித்தபோது, எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்டவரின் மகன் எண்பது வயதை நெருங்கி உயிரோடு இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அவர் திடுக்கிடவில்லை. கயிற்றுக் கட்டிலில் இடம் காட்டி உட்காரச் சொன்னார். பத்திரத்தின் தேதியை நான் படித்துக் காட்டியதும் சிரித்தார். "எங்கப்பன் செத்து ஆறு மாசம் கழிச்சுக் கைநாட்டு வெச்சிருக்காருங்க" என்றார். அந்த ஆண்டு சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம், மலைக்காய்ச்சலில் தகப்பனார் இறந்ததாகவும், அப்போது தாம் தாயின் வயிற்றில் இருந்ததாகவும் சொன்னார். இறப்புப் பதிவேட்டிலிருந்து அதை நான் உறுதி செய்துகொள்ளப் பல மாதங்கள் ஆயின. அவர் சொன்ன வாரம்தான். "இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டேன். "ஊர்ல எல்லாருக்கும் தெரியுமுங்க. உங்க ஊட்லதான் சொல்லாம உட்டுட்டாங்க" என்றார்.

இங்கே என் சிறுவயது நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் மலையிலிருந்து ஒரு மூதாட்டி எங்கள் வீட்டுக்கு வருவார். பாட்டி அவரைத் திண்ணையில் உட்கார விடாமல் உள்ளே அழைத்து, ஒரு மரக்கால் அரிசியும் புதுச் சேலையும் கொடுப்பார். எவருக்கும் எளிதில் எதையும் கொடுக்காத பாட்டி இவருக்கு மட்டும் ஏன் கொடுக்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. ஏதோ பழைய வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டோம். அந்தக் காலையில் மட்டும் தாத்தா விடிவதற்கு முன்பே கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் புறப்பட்டுவிடுவார், மூதாட்டி போனபிறகே வருவார். அது அவருடைய பக்தி என்று எங்கள் வீட்டில் பேர். அந்த மூதாட்டிதான் தம் தாய் என்று கட்டிலில் இருந்தவர் சொன்னபோது, "பாட்டி கொடுத்த அரிசி உங்களுக்கு வந்து சேர்ந்ததா?" என்று, வேறு எதுவும் கேட்கத் தோன்றாமல், கேட்டேன். "அம்மா அரிசிக்கு வரலீங்க. வருசத்துக்கு ஒருக்கா உங்க தாத்தா மொகத்துக்கு நேரா நிக்கோணும்னு வந்துது. ஒரு வருசமும் அவரு நிக்கல" என்றார். அரிசியைத் திரும்பும் வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வருவாராம்.

ஆசிரியர் அவர்களே, என் தாத்தா எவரையும் கொல்லவில்லை. கிணற்றில் எலும்புக்கூடு இல்லை. ஒரு வேட்டிச் சட்டைக்காரர், மைக்கூட்டோடு, பகல் பதினோரு மணிக்கு, அரசாங்க அலுவலகத்தில், வேறொருவரை அழைத்துவந்து நிறுத்தி, இவர்தான் அவர் என்று சொன்னார். அதற்குக் கூலியாக வந்த வீட்டில் நான் பிறந்தேன். அதே வீட்டின் திண்ணையில் அமர்ந்து, கைநாட்டு வைப்பவரின் விரலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கற்றேன். சட்டப்படி இதற்கு இன்று செய்யக்கூடியது ஒன்றும் இல்லை: நிலத்தைத் தொடர்ந்து அனுபவித்தவருக்கே உரிமை தரும் பன்னிரண்டு ஆண்டு அனுபவ பாத்தியம் எப்போதோ கடந்து, நிலம் பல கைகள் மாறி, ஒரு பகுதியில் தங்கும் விடுதியும் எழும்பிவிட்டது. அந்தப் பத்திரங்களின் நகலையும் இறப்புப் பதிவேட்டின் நகலையும் சான்றொப்பத்தோடு எடுத்துப் போய் அந்தப் பெரியவரிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேரனைக் கூப்பிட்டு, தகப்பனார் பெயர் இருக்கும் வரியை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

தொடரில் வரும் பேத்தி, நாட்குறிப்பைப் படித்து முடித்ததும் அழுது, தாத்தாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுச் சென்னைக்குக் காரேறுகிறாள். நிலம் யாருடையதோ அவருடைய வீட்டு வாசலுக்கு அவள் கடைசிவரை போகவே இல்லை. அந்த வாசல் தோட்டத்திலிருந்து இரண்டு கல் தொலைவில் இருப்பதாக மூன்றாம் அத்தியாயத்தில் ஆசிரியரே எழுதியிருக்கிறார். தொடர் விரைவில் நூலாக வரும் என்று தங்கள் அறிவிப்பில் கண்டேன். நூலாக்கத்தில் நாட்குறிப்பை எடுத்துவிட்டு, பேத்தியை அந்த இரண்டு கல் தொலைவு நடக்க வைக்குமாறும், அங்கே இருப்பவரைத் தமிழிலேயே பேச விடுமாறும் தொடராசிரியரைத் தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பதிவு அலுவலக நடைமுறைகளில் அவருக்கு ஐயம் இருந்தால் தெளிவுபடுத்த நான் ஆயத்தமாக இருக்கிறேன். முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன்.

இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைத் தவிர்க்க வேண்டுகிறேன். பாகப்பிரிவினையில் அந்த வீடு என் தம்பி பங்குக்குப் போயிற்று. அவர் தங்கள் நாளிதழை முப்பது ஆண்டுகளாக வாங்குபவர். ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியைத்தான் முதலில் படிப்பார். அவரிடம் நான் இதுவரை இதைச் சொல்லவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.